புறப்பட்டதும் இன்ஜின் நின்றால்: பைலட் அண்ணன், அக்காக்களே, ஒரு உதவி

வணக்கம். தண்டையார்பேட்டைக்காரன். வெளியூரில் செஸ்னா 172எஸ் என்ற சின்ன விமானம் ஓட்டப் பழகுகிறேன். இப்போது லீவில் வீட்டில். திரும்பிப் போனதும் வாய்மொழித் தேர்வு, அப்புறம் முதல் தனிப் பறப்பு.

400, 500 அடியில் இன்ஜின் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்தி, ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகை) இறக்காமல் இருந்தால் 70 நாட் வேகத்தைப் பிடித்து, எதிரே கிடைக்கும் நல்ல இடத்தில் இறங்கு என்பது பாடம். ஓடுபாதைக்குத் திரும்புவது வெறும் 180 டிகிரி இல்லை. பக்கவாட்டில் விலகிவிடுவதால் இன்னும் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். உயரத்தைப் பிடித்துக்கொண்டு 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். சரி, புரிகிறது.

ஆனால் மனசு கேட்கவில்லை. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு ஒத்திகை பார்த்தாலும் தலை முதலில் பின்பக்கம்தான் திரும்புகிறது! காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் மாமா, "எங்களுக்கு நின்னா நங்கூரம் போடுவோம், நீ என்னடா பண்ணுவே?" என்று சிரிக்கிறார்.

புறப்படும் முன் உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொள்வீர்கள்? அப்படியே எழுதுங்கள். 'இதற்குமேல் திரும்பலாம்' என்ற உயரத்தை எப்படி முடிவு செய்தீர்கள்? பயிற்றுநரோடு பாதுகாப்பான உயரத்தில் பழகிப் பார்த்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.