மைக் சாக்கெட்ல போன் பாட்டு குடுத்தா கரகரங்குது, என்ன பண்ணலாம்?

மைக்செட்தம்பி:
மாமாவோட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு இருக்கு, பின்னாடி மூணு மைக் சாக்கெட் மட்டும்தான், போன் மாதிரி கருவியை சொருகற ஆக்ஸ் சாக்கெட் கிடையாது. போன்ல இருந்து ஒயர் போட்டு சொருகினா பாட்டு உடைஞ்சு கேக்குது, ஆம்ப் வால்யூமை கொறச்சா சத்தம்தான் கம்மியாகுது, கரகரப்பு அப்படியே இருக்கு. போன் வால்யூமை ரொம்ப இறக்கினா தேவலை ஆனா பின்னாடி உஸ்ஸுன்னு இரைச்சல். ஆம்ப்பை கழட்டாம வழி இருக்கா?

ஈயப்பத்த:
ஆம்ப் நல்லாதான் இருக்கு தம்பி. டைனமிக் மைக் குடுக்கறதே சில மில்லிவோல்ட், அதை நூறு மடங்கு ஏத்துறதுக்குத்தான் ஆம்ப்புக்குள்ள இருக்கற முதல் ஸ்டேஜ் (சர்க்யூட்). போன் மாதிரி கருவிங்க குடுக்கற சிக்னல், அதாவது லைன் லெவல், கிட்டத்தட்ட 0.3 வோல்ட், அதை நூறு மடங்கு ஏத்தினா 30 வோல்ட், அந்த ஸ்டேஜோட சப்ளை அவ்ளோ தாங்காது, அதனால சிக்னலோட மேலயும் கீழயும் வெட்டுப்படுது. வால்யூம் கன்ட்ரோல் பெரும்பாலும் அந்த ஸ்டேஜுக்கு அப்புறம்தான் வரும், அதை திருகி பிரயோஜனமே இல்ல.

போன் ஒயரோட லெஃப்ட்ல ஒரு 10கே (பத்தாயிரம் ஓம்), ரைட்ல ஒரு 10கே ரெசிஸ்டர் போட்டு ரெண்டு முனையையும் சேருங்க, சேர்ந்த இடத்துல இருந்து கிரவுண்டுக்கு (பொது ஒயருக்கு) 100 ஓம், அதே இடத்துல இருந்து மைக் பின்னோட நுனிக்கு ஒயர். சுமார் 34-ல இருந்து 40 டிபி கொறையும், அதாவது வோல்டேஜ் அம்பதுல ஒரு பங்குல இருந்து நூத்துல ஒரு பங்கு வரைக்கும் ஆகிடும். ரெசிஸ்டர் இல்லாம ரெண்டு சேனலையும் முறுக்கி ஒண்ணாக்கிடாதீங்க, ஒரு அவுட்புட்டு இன்னொண்ணை இழுக்கும். இதெல்லாம் கால் இன்ச் பின் மூடிக்குள்ளயே அடங்கும், அங்கதான் வைக்கணும், போன் பக்கம் வச்சா ஒயர் முழுக்க மில்லிவோல்ட் ஓடி ஹம்முன்னு கரண்ட் இரைச்சல் புடிக்கும்.

ஓம்விதி:
ஒரு சின்ன மிக்சர் வாங்கிட்டா வேலை முடிஞ்சுது, எதுக்கு இவ்ளோ?

ஈயப்பத்த:
மிக்சர் அவுட்டும் லைன் லெவல்தான் ப்ரோ, அதை இதே மைக் சாக்கெட்ல சொருகினா மறுபடி கரகர. பத்து ரூபாய்க்குள்ள முடியற மூணு ரெசிஸ்டர் எங்க, மிக்சர் எங்க.

கண்டென்சர்காரன்:
ஒண்ணு விட்டுட்டீங்களே. முதல்ல மல்டிமீட்டரை டிசில வச்சு சாக்கெட் நுனிக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல பாக்கணும். கண்டென்சர் மைக்குக்காக ரெண்டு மூணு வோல்ட் வந்தா அந்த 100 ஓம் அதை கிரவுண்டுக்கு இழுத்துடும், அதனால சேர்ந்த இடத்துக்கும் பின் நுனிக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பாசிடிவ் கால் ஆம்ப் பக்கம். மைக் சாக்கெட்ல 48 வோல்ட் ஃபான்டம் (மைக்குக்கு குடுக்கற பவர்) வர்ற மிக்சர்னா இந்த ஒயரை சொருகவே வேணாம், டிஐ பாக்ஸ் (லைன் சிக்னலை மைக் சாக்கெட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தற பெட்டி) வச்சுக்கறதுதான் சேஃப்.

மைக்செட்தம்பி:
பாத்தேன் அண்ணா, டிசி ஒண்ணும் வரல. லேப்டாப்ல இருந்தும் இதே ஒயர் குடுக்கலாமா?

கண்டென்சர்காரன்:
தாராளமா. சார்ஜர் போட்டதும் ஹம்முன்னு வந்தா சார்ஜரை புடுங்கி பாருங்க, நின்னுட்டா கிரவுண்ட் லூப்தான் (ரெண்டு கருவியோட கிரவுண்டும் ரெண்டு வழியா சேர்ந்து வர்ற ஹம்), 600க்கு 600 ஓம் ஆடியோ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணை நடுவுல போடுங்க. ஆம்ப்போட எர்த் காலை மட்டும் யார் சொன்னாலும் வெட்டிடாதீங்க.