கைகாட்டியும் 1098உம் ஒரே காரில் வந்தது எப்படி?

உவர்மலை ஓய்வூதியர்:
நேற்று உப்புவெளி மொறிஸ் இந்தக் கார்க் குழுவில் இட்ட படங்களைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டைக்குள், மான்கள் மேய்கிற இடத்தில் சாம்பல் நிற மொறிஸ் மைனர் ஒன்றை நிறுத்திப் படமெடுத்து, "1957ஆம் ஆண்டுக் கார், 1098 சிசி இயந்திரம், திரும்பும் பக்கம் காட்டும் கைகாட்டி இன்றும் எழுகிறது, தொழிற்சாலையிலிருந்து இறங்கியபடியே இருக்கிறது, ஒரு சுரை (நட்டு) கூட மாறவில்லை, முழு அசல்" என்று கீழே எழுதியிருக்கிறார். கார் அழகு. எழுதியது பிழை.

மொறிஸ் மைனர் 1948இல் 918 சிசி பக்கவால்வு இயந்திரத்தோடு வந்தது. 1952இல் 803 சிசி ஆனது. 1956இல் முன் கண்ணாடி ஒரே துண்டாகி, மொறிஸ் 1000 என்ற பெயரில் 948 சிசி வந்தது. 1098 வந்ததோ 1962இல். கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைகாட்டி 1961இலேயே நின்றுவிட்டது. அதன் இடத்தில் மின்னி மின்னி எரியும் விளக்கு வந்தது. கைகாட்டி போன பிறகுதான் 1098 பிறந்தது. இரண்டும் ஒரே காரில் தொழிற்சாலையில் சேர வழியே இல்லை. இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

உப்புவெளி மொறிஸ்:
ஐயா, நீங்கள் புத்தகத்தில் படித்ததை எழுதுகிறீர்கள். நான் என் வீட்டு முற்றத்தில் நிற்பதை எழுதுகிறேன். கைகாட்டி எழுகிறதா இல்லையா என்று யாரும் வந்து பார்க்கலாம். நிலாவெளி வீதியில் மைமல் பொழுதில் வலப்பக்கம் திரும்புமுன் ஆளியைத் தட்டினால், தூணுக்குள்ளிருந்து அந்தச் செம்மஞ்சள் நாக்கு எழும்பி, உள்ளே இருக்கிற சின்னக் குமிழ் எரிய, பின்னால் வரும் முச்சக்கரவண்டிக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பார். மழைக்காலத்தில் சில வேளை எழும்பாது. அப்போது விரல் மொழியால் தூணில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். என் அப்பப்பாவும் அப்படித்தான் தட்டினார், அப்பாவும் அப்படித்தான் தட்டினார், அந்த இடத்தில் வர்ணம் தேய்ந்து தகரம் தெரிகிறது. இதைவிட அசல் என்ன இருக்கிறது?

உவர்மலை ஓய்வூதியர்:
கைகாட்டி எழவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எழுந்துவிட்டுப் போகட்டும். பொனட்டுக்குக் கீழே இருப்பது என்ன என்றுதான் கேட்டேன். இயந்திரத்தில் அடித்திருக்கும் இலக்கம் 9எம் என்று தொடங்கினால் அது 948. 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. நேற்றைய படங்களில் நாலாவதைப் பெருப்பித்துப் பாருங்கள், 10எம்ஏ என்று தெளிவாகத் தெரிகிறது. 1957இல் அந்த இலக்கத்தோடு ஓர் இயந்திரம் உலகத்திலேயே இல்லை.

கிண்ணியா டீசல்:
ஐயா, காக்கா, இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டி, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கின காலத்தில் இந்த மொறிஸ் எங்கே நின்றது? படங்குச் சீலைக்குக் கீழே நின்றது. என் அல்டோ 800 சிசி கூட இல்லை, 796தான். அதுதான் கிண்ணியாப் பாலத்தால் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றி இறக்கியது. அந்தப் பாலம் 2009இல் திறக்குமுன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்த வண்டிகளுக்குக் கூட யாரும் அசல், போலி என்று பார்க்கவில்லை. ஓடுகிற கார்தான் கார். ஞாயிற்றுக்கிழமை துடைத்துக் கோட்டைக்குக் கொண்டுபோய் மானோடு படமெடுக்கிறதை நான் கார் என்று எண்ணுவதில்லை.

உப்புவெளி மொறிஸ்:
தம்பி, படங்குக்குக் கீழே நின்றது கார் ஓடாததால் அல்ல, கறளுக்குப் பயந்து. கடலிலிருந்து முந்நூறு யார் தூரத்தில் உப்புக்காற்றில் ஒரு காரை அறுபது ஆண்டுக்கு மேல் வைத்திருந்து பாருங்கள், அப்போது தெரியும். உங்கள் அல்டோ இன்னும் பதினைந்து ஆண்டு போனால் சில்லுக்கு மேல் பொருக்குப் பொருக்காக உதிரும். அப்போது வந்து பேசுங்கள்.

உவர்மலை ஐயாவுக்கு: இந்தக் காரின் பிறப்பைச் சந்தேகிப்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். 1958இல், வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைப் புகுத்தியதற்கு எதிரான ஸ்ரீ எதிர்ப்பு நடந்தபோது, இலக்கத் தகட்டில் இருந்த சிங்கள எழுத்தின்மேல் தார் பூசி, தமிழில் ஸ்ரீ என்று தன் கையால் எழுதி, இதே காரை உட்துறைமுக வீதியால் ஓட்டிச் சென்றவர் என் அப்பப்பா. அந்தத் தகடு இன்றும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இதைப் போலி என்று சொல்பவர் யாராக இருந்தாலும் எங்கள் வாசற்படி மிதிக்க வேண்டாம்.

உவர்மலை ஓய்வூதியர்:
உங்கள் அப்பப்பாவைப் பற்றி மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் நான் எழுதவில்லை. அந்தத் தகட்டை நான் பார்க்க நேர்ந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். 1958இல் உட்துறைமுக வீதியில் ஓடிய காருக்குள், 1962இல் பிறந்த இயந்திரம் எப்படி இருந்தது? அன்றைக்கு உங்கள் அப்பப்பா ஓட்டியது 948. இன்றைக்கு நீங்கள் ஓட்டுவது 1098. நடுவில் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். கைகாட்டி வேறு காலம், 1098 வேறு காலம். இதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்கிறேன்.

கேஈ எழுபது:
இப்போது நானும் பேச வேண்டும். என்னிடம் இருப்பது கொரோலா கேஈ 70. 4கே, 1290 சிசி இயந்திரத்தோடு வந்தது. அதைக் கழற்றிவிட்டு ஏஈ 86 என்ற இன்னொரு கொரோலாவின் 4ஏ-ஜிஈ, 1587 சிசி, பதினாறு வால்வு இயந்திரத்தைப் பூட்டினேன், பூட்டியதை மறைக்கவில்லை. போன ஆண்டு அதன் படத்தை இங்கே இட்டபோது, "மாடிழுத்த வண்டிக்குக் குதிரை பூட்டிய கதை" என்று எழுதியவர் உவர்மலை ஐயா. "அப்பன் வைத்த காரைப் பாழாக்காதே" என்று எழுதியவர் உப்புவெளி அண்ணை. அந்தப் பதிவுகளை நான் மறக்கவில்லை. நான் மாற்றினால் பாழாக்கல், அண்ணை வீட்டில் மாறினால் மரபா?

உப்புவெளி மொறிஸ்:
தம்பி, உன் காரோடு இதை ஒப்பிடாதே. 1970இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்தை நீ கேள்விப்பட்டும் இருக்கமாட்டாய். அந்தக் காலத்தில் ஒரு பிஸ்டன் வளையம் எடுக்கக் கொழும்புப் பாஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மூன்று நாள் அலைய வேண்டும். அந்தக் காலத்தில் என் அப்பா ஏதாவது செய்திருந்தாலும், பூட்டியது மொறிஸுக்கென்றே அதே தொழிற்சாலையார் வார்த்த இயந்திரம். நீ பூட்டியது வேறு காரின் இயந்திரம். ஆகவே நான் எழுதியது சரி: தொழிற்சாலை இயந்திரம்தான்.

உவர்மலை ஓய்வூதியர்:
"ஏதாவது செய்திருந்தாலும்" என்று இப்போதுதான் வாயிலிருந்து வருகிறது. நேற்று "ஒரு சுரை கூட மாறவில்லை" என்றீர்கள். இயந்திரத்தில் எத்தனை சுரை இருக்கிறது என்று உங்கள் கராஜ் பாஸிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, இது விளையாட்டில்லை. 948 தருவது 37 குதிரைவலு. 1098 தருவது 48. தொழிற்சாலையில் 1098 வைத்தபோது முன்சில்லின் பிரேக் டிரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். உங்கள் காரில் டிரம் எத்தனை அங்குலம்? பழைய 7 அங்குலத்தோடு 48 குதிரைவலுவை வைத்துக்கொண்டு, கோணேசர் கோயில் இறக்கத்தில் சனம் நடந்து வரும் வெள்ளிக்கிழமையில் இறங்குகிறீர்களா? கதவுத் தூணைத் தட்டிக் கைகாட்டியை எழுப்பலாம். பிரேக்கைத் தட்டி எழுப்ப முடியாது.

கேஈ எழுபது:
ஐயா, என் காரின் பிரேக்கை மாற்றிய பிறகுதான் இயந்திரத்தை மாற்றினேன். அதைப் போன ஆண்டு எழுதியும் இருந்தேன். நீங்கள் குதிரைக் கதை சொன்ன அவசரத்தில் அந்த வரியைப் படிக்கவில்லை.

வெள்ளவத்தைக்குப் போன திருமலையான்:
மொறிஸ் மைனரின் பொனட்டுக்கு நடுவே தட்டையாக ஒரு பட்டி ஓடுகிறதே, அதன் கதை தெரியுமா? அதை வடிவமைத்த இசிகோனிஸ், முதலில் செய்த மாதிரிக் காரைப் பார்த்து, ஒடுங்கலாக இருக்கிறது என்று நடுவால் இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கிச் சேர்த்தார். அந்த 4 அங்குலம்தான் அந்தப் பட்டி. வடிவமைத்தவரே வெட்டி ஒட்டிய காருக்கு எது அசல்? மேலும், இங்கே கொழும்பில் இப்படிச் சண்டை பிடிப்பதில்லை. கார் வைத்திருப்பவர்கள் கூடி ஓடித் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

உவர்மலை ஓய்வூதியர்:
அந்த வெட்டு விற்பனைக்கு வருமுன் நடந்தது. 1970களில் திருகோணமலைக் கராஜில் நடந்ததை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். கொழும்பில் சண்டை இல்லாததற்குக் காரணம், அங்கே யாரும் பொனட்டைத் திறந்து பார்ப்பதில்லை. கைகாட்டி 1961இல் நின்றது. 1098 1962இல் வந்தது. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளவத்தைக்குப் போன திருமலையான்:
பொனட்டைத் திறக்கத் தெரியாமலா நானும் பதினொரு ஆண்டாகப் பழைய நிசான் சன்னி பி 11 ஒன்றை ஓட்டுகிறேன்? ஊரை விட்டுப் போனவனுக்கு வாயில்லை என்று நினைக்க வேண்டாம்.

உப்புவெளி மொறிஸ்:
ஐயா இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் காரல்ல, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். 2012இல் ஐயா தன் மொறிஸுக்குப் பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி ஒன்று கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் மேலதிகமாக ஒன்றுதான் இருந்தது, அப்பா கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஐயா காரை விற்றுவிட்டார். அந்தக் கண்ணாடிக் கோபம்தான் இன்றைக்கு இங்கே எரிகிறது.

உவர்மலை ஓய்வூதியர்:
ஆம், கேட்டேன். முற்றத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீர்கூடத் தராமல் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதே கண்ணாடி அடுத்த மாதம் வேறொருவருடைய காரில் பூட்டியிருந்ததைப் பார்த்தேன். அது என் மனத்தில் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கண்ணாடி 10எம்ஏ என்ற இலக்கத்தை 9எம் ஆக்கிவிடாது. நான் காரை விற்றது கண்ணாடி இல்லாததால் அல்ல. பின் வில் பூட்டுகிற இடம் முழுவதும் கறள் தின்றுவிட்டதால் விற்றேன். விற்கும்போது வாங்கியவரிடம் எது எது மாறியது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு தாளைத்தான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

கிண்ணியா டீசல்:
தாளும் கண்ணாடியும் இருக்கட்டும். அந்த மொறிஸை நாளைக்கு ஹபரணைக்கு ஓட்டிப் போய்த் திரும்பி வரட்டும். கந்தளாய் தாண்டுமுன் ரேடியேற்றர் கொதிக்காவிட்டால் நான் வாயை மூடுகிறேன்.

உப்புவெளி மொறிஸ்:
ஹபரணை என்ன, போன ஆனியில் அனுராதபுரம் போய் வந்தது. 1098 என்பதால்தான் ஏற்றங்களில் இரண்டாம் கியருக்கு இறக்காமல் போனது.

உவர்மலை ஓய்வூதியர்:
பார்த்தீர்களா, "1098 என்பதால்தான்" என்கிறார். அது 1098 என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். பதிவில் ஒரே ஒரு வரியைத் திருத்தச் சொல்கிறேன்: "1957 கார், பின்னாளில் 1098 இயந்திரம் பூட்டப்பட்டது." அதை எழுதினால் இந்தத் திருமலையிலேயே அந்தக் காரை முதலில் புகழ்பவன் நானாக இருப்பேன்.

உப்புவெளி மொறிஸ்:
திருத்தமாட்டேன். ஞாயிறு காலை கோட்டை வாசலுக்குக் கொண்டு வருகிறேன். கைகாட்டி எழுகிறதா இல்லையா என்று எல்லோரும் வந்து பாருங்கள்.

உவர்மலை ஓய்வூதியர்:
வருகிறேன். கைகாட்டியைப் பார்க்க அல்ல. முன்சில்லைக் கழற்றி டிரம்மை அளக்க அடிமட்டத்தோடு வருகிறேன்.