சித்தி வீட்டு வைஃபை

மாலை 6.10

சித்தி: [படம்]

சித்தி: இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது. ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் இந்த ஸ்டிக்கர் இருந்தது. இதைப் பார்த்து என்ன கோளாறு என்று யாராவது சொல்லுங்களேன்.

நான்: சித்தி, முதலில் அந்தப் படத்தை நீக்குங்கள். அழுத்திப் பிடித்தால் எல்லோருக்கும் நீக்கு என்று வரும், அதைக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

சித்தி: ஏன்டா? நம் குடும்ப குரூப்தானே?

நான்: குடும்ப குரூப்தான், ஆனால் 43 பேர் இருக்கிறோம். பாதிப் பேருக்குப் படம் தானாகவே கேலரியில் இறங்கிவிடும், அந்தப் போனை யார் யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அந்த ஸ்டிக்கரில் வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்ட், ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்ட், பாஸ்வேர்ட் இல்லாமலே இணைய உதவும் டபிள்யூபிஎஸ் பின் எண் என நான்கும் அச்சாகி இருக்கின்றன. வீட்டுச் சாவிக்கொத்தைக் கழற்றி வாசலில் மாட்டிய மாதிரி.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: நீக்கிவிட்டேன். போதுமா?

நான்: போதாது சித்தி, யார் போனில் இறங்கியது என்று தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட், அட்மின் பாஸ்வேர்ட் இரண்டையும் இன்றைக்கே மாற்றிவிடலாம். தம்பி வீட்டில் இருக்கிறானா?

தம்பி: இருக்கிறேன் அண்ணா. சொல்லுங்கள்.

நான்: போனில் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் கேட்வே என்றோ ரவுட்டர் என்றோ ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் போடு, லாகின் கேட்கும்.

தம்பி: கேட்கிறது. ஸ்டிக்கரில் இருந்ததைப் போட்டேன், உள்ளே போய்விட்டது.

நான்: இணைந்திருக்கும் கருவிகள் என்று ஒரு பக்கம் இருக்கும் பார். எத்தனை?

தம்பி: 13!

சித்தி: பதிமூன்றா? எங்கள் வீட்டில் மூன்று போன், ஒரு லேப்டாப், டிவி, வாசல் கேமரா. ஆறுதானே?

மாமா: ஏம்மா, யாரோ உள்ளே புகுந்துவிட்டான். உடனே பேங்க் பாஸ்வேர்டை எல்லாம் மாற்று.

நான்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். பட்டியலில் இருப்பதெல்லாம் திருடன் இல்லை. தம்பி, ஆன்லைன் என்று காட்டுவதை மட்டும் எண்ணு, எப்போதோ வந்துபோன போன்களின் பெயரும் சில நேரம் அப்படியே நிற்கும்.

தம்பி: அப்படிப் பார்த்தால் 11.

நான்: சரி. பெயரே இல்லாமல் வெறும் எண்ணும் எழுத்துமாக எத்தனை இருக்கின்றன? அதுதான் மேக் முகவரி, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண். அதில் இரண்டாவது இடத்தில் 2, 6, A, E இவற்றில் ஒன்று இருந்தால் அது கருவி தானாகப் போட்டுக்கொண்ட மாற்று முகவரி. ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வழக்கமாகவே இப்படித்தான் செய்கின்றன. நம் போன்தான் என்று தெரியாமல் பலர் பயந்துபோவது இதனால்தான்.

தம்பி: அப்படி ஐந்து இருக்கின்றன. எஸ்பிரெசிஃப் என்றும் ஒன்று இருக்கிறது, இது யார்?

நான்: அது ஆள் இல்லை, சிப் செய்யும் நிறுவனம். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

சித்தி: ஆமாம், ஹாலில் ஒரு பல்பு. அதுவும் நெட்டில் இருக்கிறதா?

நான்: அதுவும்தான். இப்போது ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே வா தம்பி. போனில் வைஃபையை அணை, எந்த வரி காணாமல் போகிறது என்று பார். மெதுவான வேலைதான், ஆனால் வேறு எந்த வழியிலும் இவ்வளவு உறுதியாகத் தெரியாது.

மாலை 6.55

தம்பி: முடித்துவிட்டேன் அண்ணா. எல்லாவற்றையும் அணைத்தேன், நான் பார்த்துக்கொண்டிருக்கும் லேப்டாப் மட்டும்தான் எங்களுடையது. அது போக இன்னும் 4 இருக்கின்றன. அதில் ஒன்று டிவி, எங்கள் டிவி அணைந்து கிடக்கிறது.

அக்கா: அப்படியானால் யாரோ ஓசியில் படம் பார்க்கிறார்கள்.

சித்தி: போன வருடம் மேல்வீட்டுப் பையன் பரீட்சை என்று ஒரு நாள் பாஸ்வேர்ட் கேட்டான், கொடுத்தேன். நல்ல பிள்ளை, அவன் போய் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.

நான்: அவன் வாயால் சொல்லவே வேண்டாம் சித்தி. இப்போது பெரும்பாலான போன்களில் சேமித்த வைஃபையைப் பகிர் என்று தொட்டால் ஒரு க்யூஆர் கட்டம் வரும், பலவற்றில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் தெரியும். அவன் வீட்டில் யாராவது அந்தக் கட்டத்தை டிவிக்கோ இன்னொரு போனுக்கோ காட்டியிருக்கலாம். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முறை கொடுத்த பாஸ்வேர்ட் அதோடு நம் கையை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சித்தி: படம்தானே பார்க்கிறார்கள், போகட்டும் என்று விட்டுவிடக் கூடாதா?

நான்: வேகம் குறைவது கூடப் பெரிதில்லை சித்தி. அந்த நான்கு கருவிகளில் யார் என்ன செய்தாலும், வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரிதான் தெரியும், விசாரணை என்று வந்தால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வருவார்கள். அதைவிட எனக்குப் பயம் அட்மின் பாஸ்வேர்ட். வைஃபைக்குள் வந்தவன் ரவுட்டருக்குள்ளும் நுழைந்து டிஎன்எஸ் எண்ணை, அதாவது தளத்தின் பெயருக்கு வழி சொல்லும் சர்வரின் எண்ணை, மாற்றிவிட்டால், நீங்கள் சரியான தளத்தின் பெயரை அடித்தாலும் அவன் காட்டும் இடத்துக்குப் போவீர்கள். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்? தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐ வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதற்கே அத்தனையும் திறந்துகொண்டன.

மாமா: அதனால்தான் பேங்க் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன்.

நான்: மாற்றினால் நல்லதுதான் மாமா. ஆனால் பேங்க் ஆப்பும் தளமும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பில் ஓடுகின்றன, பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவனுக்கு உள்ளே இருப்பது படிக்கக் கிடைக்காது. பிரவுசர் "சான்றிதழ் சரியில்லை" என்று எச்சரித்தால் மட்டும் பரவாயில்லை என்று உள்ளே போகவே கூடாது.

தம்பி: அண்ணா, பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலந்தது, டிகேஐபி என்று இருக்கிறது.

நான்: மாற்று. இதெல்லாம் வைஃபையில் போகும் தகவலைப் பூட்டும் முறைகள். டிகேஐபி 2003-ல் அவசரத்துக்கு ஒட்டுப்போட்டது. அதற்கு முந்தைய டபிள்யூஇபி 2001-லேயே உடைந்துபோனதால், பழைய கருவிகளைத் தூக்கிப்போடாமல் சமாளிக்கக் கொண்டுவந்தார்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலந்தது என்று இருந்தால் அது. இல்லையென்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், டிகேஐபியைவிட உறுதியான பூட்டு. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் வாசல் கேமரா, பல்பு எல்லாம் அநேகமாக இணையாது.

தம்பி: கலந்தது இருக்கிறது, போட்டுவிட்டேன். டபிள்யூபிஎஸ் என்று ஒன்று ஆன் ஆகி இருக்கிறது, பாஸ்வேர்ட் இல்லாமல் சுலபமாக இணையலாமாம். இருக்கட்டுமா?

நான்: வேண்டவே வேண்டாம். அதன் பின் எண் 8 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது, அது போக 7 என்றால் ஒரு கோடி விதம் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ரவுட்டர் முதல் நான்கை மட்டும் தனியாகப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடும், அப்புறம் மீதி மூன்று. 10,000 முயற்சி, அதோடு 1,000, மொத்தமே 11,000. இது 2011 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டது. தடுப்பு இல்லாத ரவுட்டர் என்றால் சில மணி நேரத்தில் பின் எண் கிடைத்துவிடும், அது கிடைத்தால் நீங்கள் எவ்வளவு நீளமான பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் அதுவும் அவன் கைக்குப் போகும்.

தம்பி: அணைத்துவிட்டேன்.

சித்தி: பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும்? என் போன் நம்பரைத்தான் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார் மாட்ட வந்தவர்.

நான்: சித்தி, அதுதான் இருப்பதிலேயே மோசம். டபிள்யூபிஏ2-வில் ஒரு போன் இணையும்போது அதற்கும் ரவுட்டருக்கும் இடையில் நடக்கும் தகவல் பரிமாற்றத்தை வெளியே நின்று ஒருவன் பிடித்துக்கொண்டு போனால் போதும், அப்புறம் உங்கள் ரவுட்டர் பக்கமே வராமல் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யூகித்துக்கொண்டே இருக்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் யூகம் போடும். 10 இலக்க எண் என்றால் மொத்தம் 1,000 கோடி, மூன்று மணி நேரம்கூட ஆகாது. 8 இலக்கப் பிறந்த தேதி என்றால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அக்கா: டேய், என் வீட்டிலும் பிறந்த தேதிதான். இப்போதே மாற்றுகிறேன். ஞாபகம் இருக்கிற மாதிரி எப்படி வைப்பது, அதைச் சொல்.

நான்: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை எடு. கொக்கு, ஏணி, நாற்பது, சல்லடை, தூக்கம் என்கிற மாதிரி. அதை ஆங்கில எழுத்தில், நீ எப்போதும் குரூப்பில் அடிப்பாயே அந்த எழுத்துக்கூட்டிலேயே சேர்த்து எழுது. தமிழ் எழுத்தை அது ஏற்காது. 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. நான் சொன்ன ஐந்தையே வைத்துவிடாதே, பாட்டு வரி, குறள் எதுவும் வேண்டாம், அதெல்லாம் யூகப் பட்டியலில் இருக்கும். அட்மினுக்கு வேறு பாஸ்வேர்ட், அதைத் தாளில் எழுதி பீரோவில் வை.

மாமா: இதற்கெல்லாம் சுலபமாக, பெயரையே மறைத்து வைத்துவிட்டால் என்ன? என் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறேன். மேக் முகவரி ஃபில்டரும் போட்டிருக்கிறேன், நான் அனுமதித்த போன் மட்டும்தான் வரும்.

நான்: மாமா, மறைத்த பெயரை உங்கள் போனே காற்றில் கூப்பிட்டுக்கொண்டு போகும், நீங்கள் வெளியே போகிற இடமெல்லாம். கேட்பவனுக்குப் பெயர் கிடைத்துவிடும். மேக் முகவரியும் மறைக்கப்படாமல்தான் காற்றில் போகிறது, அதைப் பார்த்து அப்படியே தன் கருவியில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும். இரண்டுமே உங்களுக்குத்தான் சிரமம், வருபவனுக்கு இல்லை.

மாமா: அப்படியா? இத்தனை நாள் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன் மாப்பிள்ளை.

இரவு 8.20

தம்பி: எல்லாம் மாற்றியாயிற்று. ரிமோட் மேனேஜ்மெண்ட் என்று, வெளியே இருந்தே ரவுட்டரை மாற்ற விடுவது ஒன்று இருந்தது, அதையும் அணைத்தேன். ரவுட்டரின் உள் மென்பொருளுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்டேட் ஒன்று காத்துக்கொண்டு இருந்தது, போட்டேன், ரவுட்டர் அணைந்து எழுந்தது. ரீசெட் பட்டனை அழுத்த வேண்டுமா?

நான்: தொடாதே! இணைப்பு கொடுத்தவர்களின் லாகின் விவரமும் சேர்ந்து அழிந்துபோனால் நெட்டே வராது. அப்டேட் போட்டது ரொம்ப நல்லது. 2017-ல் டபிள்யூபிஏ2-விலேயே கிராக் என்று ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதற்கு மருந்து அப்டேட் மட்டும்தான், பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை. போன், லேப்டாப்பிலும் போட்டுவிடு.

தம்பி: கேமராவும் பல்பும் மட்டும் இணையவில்லை.

நான்: கெஸ்ட் நெட்வொர்க் என்று விருந்தினருக்கான தனி வைஃபை இருக்கும், அதை ஆன் செய்து தனிப் பாஸ்வேர்ட் போட்டு அந்த இரண்டையும் அதில் சேர்த்துவிடு. கெஸ்டில் இருப்பவை உள் நெட்வொர்க்கை அணுகலாமா என்று ஒரு தேர்வு இருந்தால் அது அணைந்திருக்க வேண்டும். லேப்டாப் ஒரு அறை, கேமரா இன்னொரு அறை என்று இருக்கட்டும்.

இரவு 8.45

தம்பி: வீட்டு நெட்வொர்க்கில் 5, கெஸ்டில் 2. அத்தனையும் எங்களுடையது.

சித்தி: நெட் பறக்கிறது! ஆனால் மேல்வீட்டுப் பையன் இப்போதுதான் வந்து கதவைத் தட்டினான், ஆன்ட்டி நெட் வரவில்லை என்கிறான். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

நான்: கெஸ்ட் பாஸ்வேர்டைக் கொடுங்கள், படிக்கிற பிள்ளை. பரீட்சை முடிந்ததும் அதை மட்டும் மாற்றிவிடலாம்.

மாமா: மாப்பிள்ளை, என் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று பச்சை விளக்கு எரிகிறது. அட்மின் பாஸ்வேர்ட் என்னவென்றே தெரியாது, ஸ்டிக்கர் அழிந்துபோயிருக்கிறது. படம் எடுத்து அனுப்பட்டுமா?

நான்: குரூப்பில் வேண்டாம் மாமா. வீடியோ காலில் வாருங்கள்.