சித்தப்பா வாங்கப்போகும் நாஸ் பெட்டி

சித்தப்பா: எல்லோருடைய படங்கள், வீடியோக்களையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்டில் இணைத்து எல்லோரும் ஃபைல் சேமிக்கும் டிஸ்க் பெட்டி, வாங்கலாம் என்று இருக்கிறேன். மாதாமாதம் கிளவுடுக்குக் கட்டும் பணம் மிச்சம். என்ன சொல்கிறீர்கள்?

தங்கை: வாங்குங்கள் சித்தப்பா! என் போனில் துளி இடமில்லை.

சித்தி: இரவு பகலாக ஓடுமாமே. சத்தம் போடுமா?

அண்ணன்: கொஞ்சம் போடும் சித்தி. டிஸ்க் சுழலும், ஃபேன் ஓடும். 20 வாட் என்று வைத்தால் நாளுக்கு அரை யூனிட்கூட வராது, அது பெரிய விஷயமில்லை. சித்தப்பா, அதில் ஏற்றியதும் போனில் அழித்துவிடுவீர்களா?

சித்தப்பா: அதற்குத்தானே வாங்குவதே. இரண்டு டிஸ்க், ரெய்டு 1 முறை, அதாவது இரண்டிலும் ஒரே நகல். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

அண்ணன்: டிஸ்க் பழுதானால் மட்டும்தான் அது கைகொடுக்கும். தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே போய்விடும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தாலும் இரண்டும் சேர்ந்துதான் பூட்டிக்கொள்ளும். பெட்டியையே திருடிப்போனால் பேச்சே இல்லை. ரெய்டு பேக்கப் ஆகாது.

சித்தப்பா: வைரஸ் கம்ப்யூட்டருக்குத்தானே வரும்? இது வெறும் பெட்டி.

அண்ணன்: உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதுவும் கம்ப்யூட்டர்தான். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற ரேன்சம்வேர் கியூநாப் கம்பெனியின் நாஸ் பெட்டிகளில் புகுந்து, ஃபைல்களைச் சுருக்கும் 7-ஸிப் மென்பொருளை வைத்தே ஃபைல்களுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டது. திறக்க 0.01 பிட்காயின். 2022 ஜனவரியில் டெட்போல்ட், அது 0.03 கேட்டது. சினாலஜி கம்பெனிப் பெட்டிகளுக்கு 2014இலேயே சினோலாக்கர் வந்தாயிற்று.

நான்: வெஸ்டர்ன் டிஜிட்டல் மை புக் லைவ் பெட்டியின் கதை இன்னும் மோசம். 2021 ஜூனில் யாரோ எங்கிருந்தோ ஃபேக்டரி ரீசெட் செய்து பலருடைய பெட்டிகளைக் காலி செய்துவிட்டார்கள். பணம்கூடக் கேட்கவில்லை. 2015க்குப் பிறகு அதற்கு அப்டேட்டே கிடையாது.

சித்தி: ஏங்க, படித்தீர்களா?

சித்தப்பா: படித்தேன், படித்தேன். என்னிடம் பெட்டி இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்கள் என்னும் தானியங்கி புரோகிராம்கள் நெட்டில் உள்ள ஐபி முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதி ஆனில் இருந்தால் பெட்டி தானாகவே போர்ட்டை, அதாவது வெளி நெட்டிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்துகொள்ளவும் கூடும். முதலில் அதை ஆஃப் செய்ய வேண்டும்.

தங்கை: அப்போ வெளியூரிலிருந்து படம் பார்க்க முடியாதா?

அண்ணன்: முடியும். ரவுட்டரில் அப்படி நேர்வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் மட்டும் வேண்டாம். வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி பாதுகாப்பான தனி வழி தரும் விபிஎன் போதும், நானே எல்லோர் போனிலும் போட்டுத் தருகிறேன்.

நான்: எனக்கு வேறு கவலை. கிளவுடில் ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் வைத்திருக்கிறார்கள். இங்கே அந்த ஆள் சித்தப்பாதான்.

சித்தப்பா: அப்டேட் வந்தால் ‘பிறகு’ என்று அமுக்குகிற ஆள் 😄

அண்ணன்: தானாக அப்டேட் ஆகும்படி வைத்துவிடுவோம். ‘அட்மின்’ கணக்கை முடக்கிவிடலாம், முந்தைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட்டும் போடலாம்.

அத்தை: எங்கள் கல்யாண வீடியோ ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது. நம்பித் தரலாமா தம்பி?

அண்ணன்: காப்பி எடுத்துத் தாருங்கள் அத்தை. அசல் உங்களிடமே இருக்கட்டும்.

சித்தப்பா: அப்படியென்றால் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கும் வாங்க வேண்டும், இல்லையா?

அண்ணன்: ஆமாம். வாரம் ஒருமுறை காப்பி எடுத்துக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். வேறு வீட்டில் இருப்பது நல்லது.

அத்தை: எங்கள் பீரோவில் வைக்கிறேன்.

அண்ணன்: சரி அத்தை, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்க்ரிப்ட் செய்து தருகிறோம். சித்தப்பா, பாஸ்வேர்டை மட்டும் இந்தக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

சித்தப்பா: 🙈 சரி. எத்தனை டிபி வாங்கட்டும்?