ஆளாளுக்கு ஒரு உண்மைன்னா, உண்மைன்னு ஒண்ணு இருக்கா?

மாடக்குளத்தான்:
மதுரை பக்கம் கீழக்குயில்குடி சமணர்மலைல செட்டிப்புடவு குகைச் சிலைய பாக்கப் போனப்ப ஃப்ரெண்டு சொன்னான், சமணத்துல அநேகாந்தவாதம்னு இருக்கு, அதன்படி யார் சொல்றதும் தப்பில்லையாம். அப்ப உண்மைன்னே ஒண்ணு கிடையாதா? மண்டைய கொடையுதுண்ணே, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாகமலைவாசி:
தம்பி, அவரு பாதிதான் சொல்லிருக்காரு. நாகமலைய பக்கவாட்டுல பாத்தா பாம்பு மாதிரி நீளமா கெடக்கும், முனைல நின்னு பாத்தா வெறும் குன்று, ரெண்டும் சரிதான், ஆனா அங்கிட்டு மலையே இல்லைன்னு ஒருத்தன் சொன்னா அது தப்புதானே? அதான் சமணர்கள் எதைச் சொன்னாலும் 'ஒரு வகையில'ன்னு சேத்துச் சொல்வாங்க. குடம் மண்ணுங்கிற வகையில நிலைக்குது, குடங்கிற வகையில உடைஞ்சு போகுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

வைகைக்கரை:
'உண்மையே இல்ல'ங்கிற பேச்சு உண்மையா பொய்யா? உண்மைன்னா அதுவே அதை ஒடைச்சிரும். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1641ல எழுதுனதும் படிங்க, எதை சந்தேகப்பட்டாலும் சந்தேகப்படுற நான் இருக்கேங்கிறதை சந்தேகப்பட முடியாதும்பாரு. ஆனா அதை வச்சு அடுத்தவன் இருக்கான்னு நிரூபிக்கிறதுதான் பெரும்பாடு.

மாடக்குளத்தான்:
அண்ணே, நாம எந்தப் பக்கம் நின்னு பாக்குறோம்னு நமக்கே எப்படித் தெரியும்?

நாகமலைவாசி:
எதிர்ப்பக்கம் நிக்கிறவன்கிட்ட வாதாடித்தான், வேற வழி எனக்குத் தெரியல.