நகர்ப்போரா, நகர்ச்சமரா?

தஞ்சாவூரிலிருந்து:

> 'நகர்ப்போர்' என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

குடந்தை ஐயாவுக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் urban warfare, அதாவது நகருக்குள் நடக்கும் சண்டைக்கு, என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் சொன்னது மேலே இருக்கிறது. சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரியின் நடுவில் வைத்துப் படித்துப் பாருங்கள்: 'நகர்ப்போர் பற்றிய ஆய்வு'. கேட்போர், பார்ப்போர் வரிசையில் யாரோ எதையோ நகர்த்துகிறார்கள் என்று கண் தடுக்கி விழுகிறது. 'நகரப் போர்' என்று விரித்தால் வேறு வம்பு. நம் பக்கத்தில் போர் என்றால் ஒன்று வைக்கோற்போர், இல்லையென்றால் தண்ணிக்குப் போடுகிற போர். எங்கள் தெருவில் இந்தச் சொல்லைச் சொன்னால் எத்தனை அடியில் தண்ணி வந்தது என்றுதான் கேட்பார்கள்.

கோட்டையை வளைப்பதற்கு உழிஞை, காப்பதற்கு நொச்சி என்று பழைய சொற்கள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று மன்னார்குடித் தம்பி எழுதியிருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு சொல்லும் மதிலைப் பிடித்துத் தொங்குபவை. ஒருவன் வெளியே, ஒருவன் உள்ளே, நடுவில் சுவர். நம் வலங்கைமான் பக்கத்து ஆவூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது புலவர் கோவூர் கிழார் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடம் புறநானூற்றில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். பாலில்லாமல் குழந்தை அலறுகிறது, பெண்கள் பூவில்லாத தலையை முடிகிறார்கள், வீடுகளில் தண்ணீர் இல்லை, யானைகூடக் குளத்தில் படியவில்லை. துன்பம் முழுக்க ஊருக்குள். வாள் மட்டும் இன்னும் தெருவுக்கு வரவில்லை. 1773இல் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்ததும் மதிலை உடைத்துத்தான். மதில் போனால் ஊர் போயிற்று என்பது பழைய கணக்கு.

இன்று மதில் இருக்கும் இடத்தில் சண்டை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. 1942இல் ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்கோவ் தன் ஆட்களை ஜெர்மானியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டி நிறுத்தினார். குண்டு போட்டால் சொந்தப் படைமேலும் விழுமே என்று விமானங்கள் தயங்க வேண்டும் என்பது கணக்கு. 1994 டிசம்பர் 31இல் ரஷ்ய டாங்கிகள் வரிசை கட்டி செச்சென்யாவின் தலைநகர் குரோஸ்னிக்குள் போயின. செச்சென்கள் மேல்மாடியிலிருந்தும் நிலவறையிலிருந்தும் அடித்தார்கள். டாங்கியின் குழாய் அவ்வளவு உயரம் நிமிரவும் இல்லை, அவ்வளவு தாழக் குனியவும் இல்லை.

பெரிய மாற்றம் இதற்கும் அப்பால். ஆந்தனி கிங் என்ற பிரிட்டிஷ் அறிஞர் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஸ்டாலின்கிராடு பெரிய சண்டைதான், ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட போர்முனையில் அது ஒரு புள்ளி. இப்போது படைகள் சுருங்கிவிட்டன, நகரங்கள் பெருத்துவிட்டன. நீண்ட முனையை நிரப்ப ஆள் இல்லாததால் போரே ஒரு நகரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஈராக்கின் மோசுலில் 2016 அக்டோபர் முதல் 2017 ஜூலை வரை ஒன்பது மாதம். பிலிப்பைன்ஸின் மராவியில் ஐந்து மாதம். ஊரைச் சுற்றி வளைப்பதைவிட ஊருக்குள் ஒரு பேட்டையை, ஒரு ஆலையை வளைப்பது. 2022இல் உக்ரைனின் மரியுபோல் சண்டையின் கடைசிக் கட்டம் ஒரு எஃகு ஆலைக்குள் முடங்கியது. இதற்கு 'உள்முற்றுகை' என்று போட்டிருக்கிறேன். யாருக்கும் தடை இருக்காது என்று நம்புகிறேன்.

இன்னொரு சொல்தான் எனக்குப் பிடித்தது. 1943 டிசம்பரில் இத்தாலியின் ஒர்த்தோனாவில் தெருவில் தலை காட்டினால் இயந்திரத் துப்பாக்கி. வீடுகளோ ஒன்றோடொன்று ஒட்டியவை. கனடியப் படையினர் மேல்மாடிப் பொதுச்சுவரை வெடி வைத்துத் திறந்து, பக்கத்து வீட்டுக்குள் கைக்குண்டை எறிந்து, படிப்படியாகக் கீழே இறங்கி, மறுபடி அடுத்த சுவர். தெருவில் கால் வைக்காமல் தெரு முழுவதையும் பிடிப்பது. கும்பகோணத்து ஒட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: ரேழி, கூடம், முற்றம், கொல்லை எல்லாம் தனித்தனி, பக்கச்சுவர் மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் ஒன்று. சுவரை உடைத்து நுழைவதற்குத் தமிழில் சொல் இருக்கிறது, கன்னம் வைத்தல். அதிலிருந்து 'கன்னவழி'.

தலைச்சொல்லுக்கு என் முன்மொழிவு 'குடியிடைப் போர்'. குடிமக்கள் நடுவில் நடப்பது என்பதால்.

திருச்சியிலிருந்து:

அண்ணை, கன்னவழிக்கு இரண்டு கையையும் தூக்குகிறேன். குடியிடை வேண்டாம். குடி இல்லாத நகரத்திலும் சண்டை நடக்கும். 1995 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் சிறிய பாதையில் ஒரு அடி வைக்க மணிக்கணக்காக நின்றார்கள். டிசம்பரில் இலங்கை இராணுவம் யாழ்ப்பாண நகருக்குள் வந்தபோது அங்கே ஆட்கள் இல்லை என்றே சொல்லலாம். ஈராக்கின் பலூஜாவிலும் 2004 நவம்பர்ச் சண்டைக்கு முன்னமே பெரும்பாலான சனம் வெளியேறிவிட்டது. சொல் சனத்தை நம்பி நிற்கக் கூடாது, இடத்தை நம்பி நிற்க வேண்டும்.

எங்கட ஈழத்துப் பத்திரிகைகளில் போர் வேறு, சமர் வேறு. முழு யுத்தம் போர். ஓரிடத்தில் நடக்கிற மோதல் சமர். 'நகர்ச்சமர்' என்று வையுங்கோ. வைக்கோலும் இல்லை, தண்ணியும் இல்லை.

வலங்கைமானிலிருந்து:

நகர்ச்சமர் நன்று. கன்னவழி மட்டும் உறுத்துகிறது. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதைவிட, கன்னம் வைப்பது திருடன் தொழில். கலைச்சொல் யார் பக்கமும் சாயக் கூடாது. 'சுவர்வழி' போதாதா தம்பி?

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, சுவர்வழி என்றால் சுவரை ஒட்டிப் போகிற வழி என்றும் ஆகிறது. தெருச் சண்டையில் அதுவும் தனியாக ஒரு உத்தி, இரண்டும் கலந்துவிடும். சாய்வு என்கிறீர்கள். சுவரைத் துளைத்துப் போவதை ஆங்கிலத்தில் எலி வளையாகச் (mouse-holing) சொல்கிறார்கள், படைவீரனை எலியாக்கியதற்கு யாரும் கோபிக்கவில்லை. 2002இல் பாலஸ்தீனத்து நாப்ளூசில் இஸ்ரேலியப் படை இதையே பெரிய அளவில் செய்தது. கூடத்தில் குடும்பம் உட்கார்ந்திருக்கும்போதே சுவர் பெயர்ந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் கன்னம் என்ற சொல் மிகையில்லை. படைக்காரரின் பார்வை மட்டும்தான் நடுநிலை என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகள் கன்னத்தைத் தொட்டால் திருடர் சுவரைத் துளைக்கும் கன்னக்கோலைப் படம் வரைந்து காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

திருச்சி நண்பரின் வாதத்துக்குப் பிறகு குடியிடையைக் கைவிடுகிறேன். பட்டியலில் ஏற்றியவை: நகர்ச்சமர், அதைப் படிக்கும் துறைக்கு நகர்ப் போரியல், உள்முற்றுகை, கன்னவழி. வலங்கைமான் அம்மாவின் மறுப்பைக் கன்னவழிக்குக் கீழே அப்படியே சேர்த்திருக்கிறேன்.

அடுத்து இடிந்த கட்டடக் குவியல். குண்டு போட்டு ஊரைத் தரைமட்டமாக்கினால் எதிரிக்கு ஒளிய இன்னும் நல்ல இடம் கிடைக்கிறது. 1944இல் இத்தாலியின் மோந்தே காசினோ மடத்தை இடித்தபின் ஜெர்மானியர் அந்த இடிபாட்டுக்குள்தான் நிலைகொண்டார்கள். வெறும் 'இடிபாடு' என்றால் பாழடைந்த கோயில் ஞாபகம் வருகிறது. திருச்சி நண்பரே, உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள்?