ரீசனர் ஓடுகிறது, ஆனால் எக்ஸ்கதிர் நுட்பங்கள் வகைப்படவில்லை. எங்கே தவறு?

கடற்காகம்: சின்க்ரோட்ரான் (செறிவான எக்ஸ்கதிர் தரும் துகள் முடுக்கி) தரவுகளைத் தேட ஒரு ஆன்டாலஜி, அதாவது கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வரையறுக்கும் தொகுப்பு, எழுதுகிறேன். "எக்ஸ்கதிர் நுட்பம்" என்று தேடினால் சாக்ஸ் (சிறுகோணச் சிதறல்), எக்ஸாஃப்ஸ் (உட்கவர்தல் அளவீடு) எல்லாம் வர வேண்டும். வகை மரத்தைக் கையால் கட்டாமல், வரையறையை வைத்து ரீசனரே (வரையறைகளிலிருந்து முடிவுகளைத் தருவிக்கும் நிரல்) கண்டுபிடிக்கட்டும் என்பது திட்டம். ஒவ்வொன்றிலும் "எக்ஸ்கதிரைப் பயன்படுத்தும்" என்ற நிபந்தனை இருக்கிறது. புரோட்டெஜே என்ற ஆன்டாலஜி எடிட்டரில் ஹெர்மிட் என்ற ரீசனரை ஓட்டினால் எதுவும் நகரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

வரையறைப்பித்தன்: "எக்ஸ்கதிர் நுட்பம்" என்ற தாய் கிளாஸுக்கு (வகைக்கு) நிபந்தனையை எந்தப் பெட்டியில் போட்டீர்கள்?

கடற்காகம்: சப்கிளாஸ் ஆஃப்.

வரையறைப்பித்தன்: அங்கேதான் சிக்கல். எக்ஸ்கதிர் நுட்பம் என்றால் எக்ஸ்கதிர் இருக்கும் என்று மட்டுமே சொல்லியிருக்கிறீர்கள். எக்ஸ்கதிர் இருந்தால் அது எக்ஸ்கதிர் நுட்பம் என்று எங்கும் சொல்லவில்லை. தாய் கிளாஸில் அதே வரியை ஈக்விவலன்ட் டு பெட்டிக்கு மாற்றுங்கள். சாக்ஸையும் மற்றதையும் தொட வேண்டாம்.

கடற்காகம்: அப்பாடா, எல்லாம் வந்துவிட்டது! ஆனால் டைகோகிராஃபி என்ற நுட்பம் மட்டும் சிவப்பாகி, நத்திங்குக்கு (எதுவுமே அடங்க முடியாத வெற்று வகைக்கு) கீழே போய்விட்டது.

செம்மண்: இமேஜிங்கையும் சிதறலையும் டிஸ்ஜாய்ன்ட் (எதுவும் இரண்டிலும் சேர்ந்து இருக்க முடியாது) ஆக்கியிருப்பீர்கள். டைகோகிராஃபி இரண்டிலும் வரும், அதனால்தான் முரண்.

கடற்காகம்: ஆமாம். அப்படிச் செய்வது நல்ல பழக்கம் என்று படித்தேன்.

செம்மண்: கதிர்களுக்கு நல்லதுதான், நியூட்ரான் எக்ஸ்கதிர் ஆகாது. நுட்பங்களுக்குப் பொருந்தாது. டைகோகிராஃபியில் மாதிரியின்மேல் ஒன்றோடொன்று மேற்படியும் இடங்களில் கதிரைப் பாய்ச்சி, ஒவ்வொரு இடத்திலும் சிதறல் கோலத்தைப் பதிந்து, கணக்குப் போட்டுப் படத்தை மீட்கிறார்கள். செயல்முறையைப் பார்த்தால் சிதறல், நோக்கத்தைப் பார்த்தால் இமேஜிங். ஃபோட்டான், நியூட்ரான் சோதனை நுட்பங்களுக்கான பானெட் ஆன்டாலஜியைத் திறந்து பாருங்கள்: இயற்பியல் செயல்முறை, கதிர், சார்பு, நோக்கம் என்று நான்கு கோணங்களில் வரையறுத்திருப்பார்கள். ஒரு நுட்பத்துக்குப் பல தாய்கள் இருக்கலாம்.

இன்னொன்று, டைகோகிராஃபியில் எக்ஸ்கதிரையே எழுதாதீர்கள். எலக்ட்ரானாலும் செய்கிறார்கள். "எக்ஸ்கதிர் டைகோகிராஃபி" என்று கீழே தனியாக வையுங்கள்.

வரையறைப்பித்தன்: பிறகு வேகத்துக்காக எல்க் என்ற ரீசனருக்கு மாறுவதாக இருந்தால் "ஒன்லி" ("இது மட்டுமே" என்ற நிபந்தனை) போட்ட வரிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்க் அவற்றைக் கணக்கில் எடுக்காது. நான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடற்காகம்: டிஸ்ஜாய்ன்டை நீக்கினேன், சிவப்பு போய்விட்டது. இப்போது டைகோகிராஃபி இரண்டு இடத்தில் தெரிகிறது. என் ஆய்வு வழிகாட்டியிடம் காட்டினேன். "ஒரே நுட்பத்தை ஏன் இரண்டு தடவை டைப் செய்தாய்?" என்கிறார்.